அப்பாவின் அபிப்பிராயங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 33. கல்லூரி நாள்களிலிருந்து உங்களைப் படிக்கிறேன். இது இலக்கியம் சம்பந்தப்பட்ட கடிதம் இல்லை, மன்னிக்கவும்.

என் அப்பாவுக்கு 67 வயது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாவது வரை படித்தவர். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். வஞ்சிரம் வெறும் பவிசு, மத்திதான் மீன் என்பார். மீன் குழம்பில் தக்காளி போட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். பிரியாணி நம்ம சாப்பாடே இல்லை என்பார். இப்போது வரும் படமெல்லாம் இரைச்சல், கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்பார். ஆனால் ராத்திரி எட்டு மணி சீரியலை ஒருநாள் விடாமல் பார்த்து, அதில் வரும் மாமியாரைத் திட்டிக்கொண்டே இருப்பார். சர்க்கரை வியாதி என்பதே மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது என்று சொல்லி, இரண்டு மாதமாக மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ கஷாயம் குடிக்கிறார். காலையில் டீக்கடையில் உட்கார்ந்தால் டிரம்ப், புதின், இஸ்ரேல், ஈரான் எல்லாம் வந்துவிடும். "ரெண்டு குண்டு போட்டா எல்லாம் அடங்கிடும்" என்பது அவருடைய தீர்ப்பு.

போன வாரம் என் அலுவலக நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் உலக அரசியல் பாடம் நடத்தினார். செருப்பு கடித்த புண் பத்து நாளாக ஆறாமல் இருக்கிறது, அந்தக் காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் போட்டுக்கொண்டு பேசுகிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் போன பிறகு, "தெரியாத விஷயத்தை ஏம்ப்பா பேசறீங்க" என்று கத்திவிட்டேன். நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை.

எதையும் முறையாகப் படிக்காமல் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து சொல்வது சரியா? இதை எப்படி நிறுத்துவது?

க.
கடலூர்

அன்புள்ள க.,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. செருப்பு கடித்த புண், பத்து நாள், ஆறவில்லை. அதற்குச் சில வரி முன்னால் மாத்திரையை நிறுத்தியது வருகிறது. இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருந்தும் நீங்கள் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிலுக்குக் காத்திருக்க வைக்காமல், கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதினேன். மறுநாள் காலை அப்பாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதாகவும், சர்க்கரை 340 இருந்ததாகவும், புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருப்பதாகவும் சொன்னீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு இதை எழுத உட்கார முடிந்தது.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று நினைத்திருப்பீர்கள். என் அண்ணன் கதையைச் சொல்கிறேன்.

அண்ணன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்தார். உங்கள் அப்பாவைப் போலவே எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருந்தவர். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாத விஷயம் கிடையாது. சோவியத் உடைந்தது நல்லதா கெட்டதா என்று ஆரம்பித்து ஒரு தீபாவளி முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். ஒருநாள் அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அதற்கு மட்டும் நான் சண்டை போடவில்லை. அவர் உடம்பு, அவர் இஷ்டம், பெரியவரிடம் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே போய்விட்டு வந்தவர் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். வலது கால் செருப்பு வந்துவிட்டது. இடது கால் செருப்பு வரவில்லை. காலை உதறினார், அப்போதும் வரவில்லை. "என்னடா இது ஒட்டிக்கிச்சு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். செருப்பின் அடிப்பக்கம் ஒரு ஆணித் தலை தெரிந்தது. கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதையில் அது ஏறியிருந்தது. குறடு கொண்டுவந்து நான்தான் பிடுங்கினேன். ஆணி வந்த பிறகுதான் ரத்தம் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் என்னைச் சாதாரணமாகப் பார்க்கிறார். "வலிக்கலடா" என்றார். எப்போது குத்தியது என்றே அவருக்குத் தெரியாது. காலையில் அந்தச் செருப்போடுதான் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போய் வந்திருக்கிறார்.

அந்த "வலிக்கலடா"வைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டோம். மஞ்சள் பத்து போட்டார் அண்ணி. மூன்று வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

சர்க்கரை கூடிக்கொண்டே போனால் பாதத்து நரம்புகள் செத்துப்போகும், வலி தெரியாது. ரத்த ஓட்டமும் குறையும், அதனால் புண் ஆறாது. வலி இல்லாததால் யாரும் மருத்துவமனைக்கு ஓடுவதில்லை. இதையெல்லாம் நான் அண்ணனுக்குக் கால் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே க., உங்கள் அப்பாவின் கருத்துகளில் நீங்கள் மல்லுக்கு நின்றிருக்க வேண்டியது இந்த ஒன்றோடுதான். டிரம்புக்காக ஒரு மணி நேரம் பேசியதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் கத்தினீர்கள். மாத்திரைக்கு இரண்டு மாதம் சும்மா இருந்தீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், அதனால் உங்களைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வைப் பாருங்கள். நாடு முழுக்க பத்துக் கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய். மாநில வாரியாகப் பார்த்தால் கோவா முதலிடம், அடுத்தது எங்கள் புதுச்சேரி. இருபது வயது தாண்டியவர்களில் 26.3 சதவீதம். நாலு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அதில் ஒருவர். உங்கள் ஊரும் எங்கள் ஊரும் பக்கத்துப் பக்கம், சாப்பாடும் ஒன்றுதான்.

அப்பாவிடம் இதை எப்படிப் பேசுவது? பச்சிலைமேல் நம்பிக்கை உள்ளவரிடம் பச்சிலை வழியாகவே போகலாம் என்று நினைக்கிறேன். மெட்ஃபார்மினின் மூலமே ஒரு செடிதான். கலேகா என்று பெயர், ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் இருந்த செடி. அதில் இருந்த சத்து சர்க்கரையைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், ஆனால் அப்படியே கொடுத்தால் உடம்புக்கு ஆகவில்லை. அதே வகையில் ஆபத்துக் குறைவாக ஒன்றைத் தேடியதில் வந்து சேர்ந்ததுதான் இந்த மருந்து. ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957-ல் எழுதினார். கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்பார் அப்பா. கொள்ளையடிக்கும் மருந்துகள் உண்டு, அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் மாத்திரைகளில் ஒன்று. அரசு மருத்துவமனையில் இலவசம். 2021-லிருந்து தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கஷாயத்தையும் உடனே பிடுங்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதை எடுத்து எண்ணை அவர் கையிலேயே கொடுங்கள். ஃபிட்டராக இருந்தவர், அளவு பார்த்தே வாழ்ந்தவர். பேச்சைவிட எண்ணை நம்புவார்.

அப்புறம், தினமும் ராத்திரி அவர் பாதத்தை நீங்கள் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், எல்லாம். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. அப்பா காலைத் தொடுவதில் என்ன கூச்சம்?

சரி, மற்ற கருத்துகளுக்கு வருகிறேன். அவற்றை நிறுத்தச் சொல்கிறீர்கள். நான் மாட்டேன்.

மீன் விஷயத்தில் அவர் சொல்வது அச்சுப்பிசகாத உண்மை. வஞ்சிரத்தை நான் குறை சொல்லவில்லை, வறுத்துத் தட்டில் வைத்தால் அழகுதான். ஆனால் மத்தியில் இருக்கும் எண்ணெய் குழம்பில் இறங்கி, மறுநாள் காலை சட்டி ஓரத்தில் செம்மண் நிறத்தில் திரண்டு நிற்குமே, அந்த ருசி வஞ்சிரத்துக்குக் கிடையாது. இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பும் இந்த மாதிரி மலிவான எண்ணெய் மீன்களில்தான் தாராளமாக இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாள்களில் சின்னப் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்துவரும் மீனை முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ வாங்கிப் பாருங்கள். காலையில் பிடித்தது மதியம் குழம்பாகிவிடும். கடற்கரையில் ஐம்பது அறுபது வருஷம் சாப்பிட்டவருக்கு இதைச் சொல்ல யாரிடம் படிக்க வேண்டும்?

தக்காளியிலும் நான் அவர் கட்சி. நல்ல பழம்புளியும் மாங்காயும் இருக்கும்போது அது எதற்கு?

பிரியாணி நம்ம சாப்பாடு இல்லை என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எது நம்ம? பரங்கிப்பேட்டையும் லால்பேட்டையும் உங்கள் மாவட்டம்தானே? அங்கே தலைமுறை தலைமுறையாக நெய்ச்சோறும் பிரியாணியும் ஆக்குகிறவர்கள் அப்பா சொல்லும் அந்த 'நம்ம'வில் இல்லையா? தக்காளியைத் தள்ளுகிறாரே, அந்தக் குழம்பில் இருக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான், போர்த்துகீசியர் கப்பலில் நம் நாட்டுக்கு வந்தது. பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே அந்தப் பறங்கியர் இருக்கிறார்கள். இங்கே புதுச்சேரியில் நான் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை பண்டிகைக்கு நெம் செய்து கொடுப்பார். மெல்லிய அரிசித் தாளில் கறியைச் சுருட்டிப் பொரித்தது. அவருடைய அப்பா பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் சைகோனில் இருந்தவர், அங்கேயிருந்து வந்த கைப்பக்குவம். வியட்நாம் பலகாரம் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. எங்கள் தெருப் பலகாரம் என்றே நினைத்திருந்தேன். பிரியாணி பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னால் அது அவர் நாக்கு, அதில் வாதமில்லை. நம்மது இல்லை என்றால் அது பக்கத்து ஊர்க்காரரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற பேச்சு. இதை அவரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

சீரியல் மாமியாரைத் திட்டுவதைப் பற்றி நீங்கள் குறைப்பட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் கூத்துப் பார்வையாளர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் யாரும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. துச்சாதனன் வரும்போது கிழவிகள் சாபம் விடுவார்கள். கடைசி நாள் காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், வாரியலால் அடிக்கிற ஊர்களும் உண்டு. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனோ ராஜா பக்கத்திலேயே நின்றுகொண்டு ஊர்ச் சங்கதி, ரேஷன் கடை, தேர்தல் எல்லாவற்றையும் இழுத்துப் பேசுவான். அவன் என்ன பட்டமா வாங்கியிருக்கிறான்? ஊரே அவன் பேச்சுக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருக்கும். அப்பா அங்கிருந்து வந்தவர். இப்போது வரும் படமெல்லாம் இரைச்சல் என்பதற்கு மட்டும் ஒரு நிபந்தனை போடுங்கள். ஒரு படத்தை உங்களோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனி டிரம்பும் புதினும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நம் நாடு வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அந்த இரண்டு நாடுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே உங்கள் அம்மா மளிகைக் கடையில் அதன் விலையைக் கொடுத்திருப்பார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் வரியை 50 சதவீதமாக்கியது. நம் இறாலை அதிகம் வாங்குவது அமெரிக்காதான். கடற்கரையோரம் இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தியா, வீட்டுச் செய்தியா? வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளில் ஈரான் என்ற சொல் டீவியில் வந்தாலே பேச்சு நின்றுபோகும். இதையெல்லாம் பற்றிப் பேச உங்கள் அப்பாவுக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. பாதிக்கப்படுகிறவன் பேசுவான்.

எங்கள் பக்கம் இன்னும் நேரடி. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழர்கள் இன்றைக்கும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடுகிறார்கள்.

ஆனால் "ரெண்டு குண்டு போட்டா அடங்கிடும்" என்கிறாரே, அங்கே நான் அவர் கையைப் பிடித்து நிறுத்துவேன். உங்கள் ஊர்க் கதையையே சொல்லி நிறுத்துவேன். 1783 ஜூன் மாதம் ஆங்கிலேயப் படை கடலூரை முற்றுகையிட்டது. உள்ளே பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும். ஜூன் 13-ல் தரையில் பெரிய சண்டை. 20-ந் தேதி கடலூருக்கு எதிரே கடலில் இரண்டு கப்பற்படைகளும் மோதின. 25-ந் தேதி மறுபடி சண்டை. அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து பிரியப் போராடியது, பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்தது, அந்தப் பகை கப்பலேறி இங்கே வந்துவிட்டது. பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டது அந்த வருஷம் ஜனவரி 20. செய்தி கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்தான். முடிந்துபோன போருக்காக உங்கள் ஊர் மண்ணில் ஆயிரக்கணக்கில் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்கள் எத்தனையோ பேர். எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ இரண்டு குண்டு போடலாம் என்றதற்குக் கூலி கொடுத்தது உங்கள் கெடிலம் ஆற்றங்கரை.

இதுவும் போதவில்லை என்றால், 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்தில் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். கடலூர்க்காரர், அந்த வாரம் முழுக்க என்ன பார்த்தார் என்று அவருக்கு மறக்காது. குண்டு விழுந்த ஊரும் மறுநாள் அப்படித்தான் இருக்கும். வீடிருந்த இடத்தில் வீடிருக்காது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஒருவர் அலைவார். காஸாவைப் பற்றியோ கீவ் நகரத்தைப் பற்றியோ அந்த நினைவிலிருந்து அவர் பேசினால் நானே டீக்கடைக்கு வந்து கேட்பேன்.

நண்பர்கள் முன்னால் வெட்கமாக இருந்தது என்றீர்கள். அவர்கள் எழுந்து போயிருக்கலாம், போகவில்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிப்காட்டில் முப்பது வருஷம் இரும்போடு நின்றவருக்குக் காது கொடுக்க வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? நீங்கள் வேலைக்குப் போய்விடுகிறீர்கள். மிச்சம் டீக்கடையும் சீரியலும்.

இன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள். தெரியாத விஷயத்தைப் பேசுகிறீர்கள் என்று சொன்னதற்கு. மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். பிறகு அந்த வரி விஷயம் என்னப்பா ஆச்சு என்று நீங்களே ஆரம்பியுங்கள். அவர் பேசும்போது கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்துவிடலாம்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வருவதாக இருக்கிறேன், சாமிகள் கடலுக்கு வருவதைப் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. மதியம் உங்கள் வீட்டில் மத்திக் குழம்பு சாப்பிடலாமா என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். புண் எப்படி இருக்கிறது என்பதை அதற்கு முன்னால் எழுதுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரி